ஐப்பசியில் நின்றுபோன நாட்காட்டி: இரு குழந்தைகளின் காசநோய்த் தடுப்பு மருந்து குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆம்பூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் 58 வயதுப் பெண்மணி ஒருவருக்கு 2022 மே 30ஆம் தேதி நுரையீரல் காசநோய்க்கான சிகிச்சை தொடங்கியது. மூன்று மாதமாக இருமல். பீடி சுற்றுகிறவர் என்பதால் புகையிலைத் தூசிதான் காரணம் என்று தானும் நம்பி, வீட்டையும் நம்ப வைத்திருந்தார். சளியில் கிருமி இருந்தது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்று மூலக்கூறு பரிசோதனையில் தெரிந்தது. அவருடைய சிகிச்சை ஆறு மாதத்தில் நல்லபடியாக முடிந்தது. இந்த ஆய்வு அவருடைய பேரக்குழந்தைகள் இருவரைப் பற்றியது. இருவரும் பிறந்த நாள் முதல் அவர் மடியிலேயே தூங்கி வளர்ந்தவர்கள். குடும்பத்தின் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர். செவிலியர் அல்ல, ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் நான் ‘நர்சம்மா’தான்.

வீடும் ஆட்களும்

ஓட்டு வீடு. ஒரே அறை, முன்னால் திண்ணை, பின்னால் சமையலுக்கு ஒரு சார்ப்பு. குழந்தைகளின் தாய் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். மாலை ஏழரைக்குத்தான் வீடு திரும்புவார். தந்தை சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மகனுக்கு நான்கு வயது, 15 கிலோ. மகளுக்குப் பதினேழு மாதம், 10 கிலோ. பகல் முழுவதும் இருவரும் ஆயாவிடம், அதாவது அந்தப் பாட்டியிடம்தான்.

நான் முதன்முறை போனபோது ஆயாவின் பாய் திண்ணைக்கு வந்திருந்தது. தட்டும் தம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை, தானாகவே போயிருக்கிறார். பாப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காசநோய் தட்டிலும் தம்ளரிலும் பரவுவதில்லை. இருமும்போதும் பேசும்போதும் காற்றில்தான் பரவுகிறது. சிகிச்சை தொடங்கிவிட்டால் பிறருக்குத் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது. இதை உலகுக்குச் சொன்னதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் தொடங்கப்பட்ட சென்னை காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் மருந்து கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டில் குணமானவர்களும் சானடோரியத்தில் குணமானவர்களுக்குச் சளைக்கவில்லை. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான் காசநோயாளிகளை மலைமேல் கொண்டுபோய் வைக்கும் வழக்கத்தை உலகெங்கும் மாற்றியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நம் ஊர் கண்டுசொன்ன உண்மை அறுபது ஆண்டுகள் கழித்தும் நம் ஊர்த் திண்ணைக்கு வந்து சேரவில்லையே என்று அன்று மனம் கனத்துப் போனது.

ஆனால் மருந்து தொடங்கும் முன்பே குழந்தைகள் மூன்று மாதம் அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறார்கள்.

நன்றாக விளையாடும் பிள்ளைக்கு எதற்கு மருந்து?

தந்தை கேட்ட முதல் கேள்வி இது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் மாத்திரை அட்டையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வந்தால், அது அலமாரியில்தான் கிடக்கும்.

இருவரையும் மருத்துவர் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இல்லை. எடை குறையவில்லை. சோர்ந்து படுப்பதில்லை. மார்பு எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது. நோய் இல்லை என்று உறுதியானது. தடுப்பு மருந்துக்கு முதல் தகுதியே அதுதான். நோய் இருக்கிற குழந்தைக்கு ஒற்றை மருந்தைக் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை, நோயாளி இருக்கும் வீட்டில் இருந்து, அதற்கு நோய் அறிகுறி இல்லையென்றால், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனைகூடத் தேவையில்லை. நேராக மருந்தைத் தொடங்கலாம்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முன்பு ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ இருந்ததாகவும், அது இளைத்துப் போனதாகவும், தன் பிள்ளைகள் அப்படி இல்லை என்றும் தாய் சொன்னார். பிரைமரி காம்ப்ளக்ஸ் என்பது குழந்தைகளுக்கு வரும் காசநோய்தான் என்றதும் திகைத்துப் போனார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பெயர் புழங்குகிறது; ஆனால் அது டி.பி. என்று தெரிந்தவர்கள் குறைவு. பெயர் மென்மையாக இருப்பதால் பயம் குறைகிறது என்பது உண்மைதான். கூடவே எச்சரிக்கையும் குறைந்துவிடுகிறது. நேராகச் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

தந்தையிடம் ‘நீறு பூத்த நெருப்பு’ என்றேன். மேலே சாம்பல், உள்ளே கங்கு. பெரியவர்கள் பலருக்கு வாழ்நாள் முழுவதும் அந்தக் கங்கு அப்படியே அடங்கிக் கிடக்கும். சின்னக் குழந்தைகளிடம் அப்படி அடங்கிக் கிடப்பதில்லை. மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்துப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு இது: ஒரு வயதுக்குள் கிருமி தொற்றிய குழந்தைகளில் பாதிப்பேர் நோயில் விழுந்தார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் தொற்றியவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு நுரையீரல் நோயும், 2 முதல் 5 சதவீதம் பேருக்கு மூளைக்காய்ச்சலோ உடல் முழுக்கப் பரவும் காசநோயோ வந்தது. பெரும்பாலும் தொற்றிய ஓராண்டுக்குள்ளேயே. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி இந்தக் கடுமையான வகைகளை ஓரளவு தடுக்கும், முழுதாகத் தடுக்காது.

“மூளைக்காய்ச்சலா?” என்று கேட்டுவிட்டு அவர் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து மறுப்பு வரவில்லை.

ஜூன் 20ஆம் தேதி ஐசோநியாசிட் என்ற தடுப்பு மருந்தைத் தொடங்கினோம். எடைக்குத் தகுந்தபடி கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், ஆறு மாதம், தினமும். பாப்பாவுக்கு 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, பையனுக்கு ஒன்றரை. மொத்தம் 182 நாள் மருந்து. இடையில் எதுவும் விடுபடாவிட்டால் டிசம்பர் 18இல் முடிந்திருக்க வேண்டும்.

முதல் ஆறு வாரம்

தாய் தன் கையாலேயே கொடுக்க விரும்பியதால் இரவு நேரம் என்று முடிவு செய்தோம். அது நான் செய்த முதல் பிழை. அவர் வேலையிலிருந்து வந்து உலை வைப்பதற்குள் பையன் தூங்கிவிடுவான். அரைத்தூக்கத்தில் எழுப்பிக் கசப்பைக் கொடுத்தால் துப்பிவிடுவான். அப்படியே நான்கு நாள் மருந்து வீணாயிற்று.

ஒன்றரை மாத்திரை என்பது காகிதத்தில் எழுத எளிது. வீட்டில் அதை அரிவாள்மணை முனையில் வைத்து உடைக்கிறார்கள். ஒரு பாதி பெரிதாகவும் ஒரு பாதி தூளாகவும் போகிறது. மறுநாளுக்கென்று மடித்து வைத்த பாதி, ஆனி மாதக் காற்றின் ஈரத்தில் காகிதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் காகிதத்தை அவர் என்னிடம் பிரித்துக் காட்டியபோது சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது ஆடி. ஆடிக் கிருத்திகைக்குக் குழந்தைகளைப் போளூர்ப் பக்கம் இருக்கும் தாய் வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார். குழந்தைகள் ஒன்பது நாள் அங்கே இருந்தார்கள். மாத்திரை அட்டை இங்கேயே இருந்தது. மறந்துவிட்டதாகத்தான் முதலில் சொன்னார். சிறிது நேரம் கழித்து, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: “எடுத்துக்கொண்டு போயிருந்தால் அம்மா என்ன மாத்திரை என்று கேட்பார்கள். மாமியாருக்கு டி.பி. என்று சொல்ல வேண்டும். என் அண்ணன்கள் அப்புறம் இந்த வீட்டில் தண்ணீர் குடிப்பார்களா, நர்சம்மா?”

எங்கள் பதிவேட்டில் இதற்கு ‘வெளியூர் பயணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டுவிடலாம். ஆனால் அந்த ஒன்பது நாளை விழுங்கியது பயணம் அல்ல, பயம்தான். டிக் மட்டும் போட்டிருந்தால் அடுத்த முறையும் அதே பயம் மருந்தை நிறுத்தியிருக்கும். “பிள்ளைகளுக்குச் சத்து மாத்திரை என்று சொல்லுங்கள்” என்று சொல்லிக்கொடுக்க எனக்கு வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பொய் சொல்லிக் கொடுத்த மருந்தை, பொய் வெளிப்படும் நாளில் நிறுத்திவிடுவார்கள். தொற்று வராமல் தடுக்க மருத்துவர் கொடுத்த மருந்து என்று சொன்னால் போதும், யாருக்கு நோய் என்று சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்றேன்.

ஆயாவின் கை

ஆகஸ்ட் தொடக்கத்தில் நேரத்தை மாற்றினோம். ஆயா தன் மருந்தைக் காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் சாப்பிடுகிறார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஐசோநியாசிட்டும் வெறும் வயிற்றில்தான் நன்றாக உடலில் சேரும். குழந்தைகளின் மருந்தையும் அதே நேரத்தில், அவர் கையாலேயே கொடுக்கலாமே என்றேன்.

மருமகள் தயங்கினார். ஆயா அதைவிடத் தயங்கினார். “என்னால்தானே பிள்ளைகளுக்கு இந்தப் பாடு” என்றார். அதற்குள் அவருக்கு இரண்டு மாத சிகிச்சை முடிந்து, மறு பரிசோதனையில் சளியில் கிருமி இல்லை என்று வந்திருந்தது. அந்தத் தாளை மருமகளிடமே படித்துக் காட்டச் சொன்னேன்.

மறுநாள் காலை நானும் போய் இருந்தேன். ஆயா இரண்டு முறை கை கழுவினார். பாப்பாவின் மாத்திரையை இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து அழுத்தி மாவாக்கி, பாலாடையில் போட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர் சில துளி விட்டுச் சுண்டுவிரலால் கலக்கினார். பாப்பாவை மடியில் சாய்த்து, கன்னத்தின் உட்பக்கமாகப் பாலாடையின் மூக்கை வைத்துச் சாய்த்தார். பல பிள்ளைகளுக்கு மருந்து புகட்டிய கை அது. பாப்பா ஒரு முறை முகத்தைச் சுளித்தாள், விழுங்கிவிட்டாள். இரண்டு மாதத்துக்கு மேலாக அந்த மடிக்கு ஏங்கிய குழந்தை. பிறகு மருந்தை மறந்து அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தாள். பையனுக்கு மசித்த வாழைப்பழம் அரை ஸ்பூன். உணவோடு கொடுப்பது அத்தனை சிறந்ததல்ல. ஆனாலும் தினமும் உள்ளே போவது அதைவிட முக்கியம்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிகிச்சை அட்டையில் கட்டம் போட வைப்பது வீண் வேலை. சுவரில் நகைக்கடை கொடுத்த தினசரி நாட்காட்டி தொங்கியது. மாத்திரை இரண்டும் கொடுத்த பிறகே அன்றைய தாளைக் கிழிப்பது என்று ஒரு வழக்கம் வைத்தோம். கொடுக்காத நாளின் தாளைத் தூக்கிப் போடாமல் கரண்ட் பில் குத்தும் கம்பியில் குத்தி வைப்பது. அது கடன், கடைசியில் அத்தனை நாள் கூடுதலாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். பழைய பாக்கி பதின்மூன்று நாளுக்கு வெற்றுத்தாள் பதின்மூன்றை நானே குத்தி வைத்தேன்.

இந்தக் கம்பியை நான் முக்கியமாக நினைக்கிறேன். மருந்து விட்டுப்போனால் எல்லாம் வீண், இனி என்ன பயன் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். என்னிடம் சொல்லக் கூசி மறைக்கிறார்கள். மறைத்த நாளை யாராலும் ஈடுகட்ட முடியாது. கம்பியில் இருக்கும் தாளை எண்ணி ஈடுகட்டலாம்.

செப்டம்பரில் பாப்பாவுக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்தது. அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் எல்லா மாத்திரைகளையும் நிறுத்தச் சொன்னார்கள். ஒன்றுக்கு ஆகாதது மற்றதுக்கும் ஆகாது என்று பையனுக்கும் நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு நாள். நிறுத்தியது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஐசோநியாசிட் சில நேரம் ஈரலைப் பாதிக்கும். குழந்தைகளில் அது அரிது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, விடாத வாந்தி, வயிற்றுவலி, சாப்பாட்டை அறவே ஒதுக்குவது ஆகியவை தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வர வேண்டும். இந்தக் குழந்தைக்கு அவை எதுவும் இல்லை. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டிருந்தது. மீண்டும் எப்போது தொடங்குவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் குறை. கம்பியில் பன்னிரண்டு தாள் ஏறியிருந்தது. மருத்துவர் பார்த்து, மறுநாளே தொடங்கினோம்.

கார்த்திகையில் ஓர் ஐப்பசித் தாள்

நவம்பர் 13இல் ஆயாவின் சிகிச்சை முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். குழந்தைகளுக்கு அடுத்த மாத மாத்திரை அட்டையைக் கொடுக்காமலேயே வந்தேன். இந்த ஆய்வை நான் எழுத உட்கார்ந்ததே அந்த நாளுக்காகத்தான்.

டிசம்பர் 2ஆம் தேதி வேறொரு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். திருவண்ணாமலை தீபத்துக்கு நான்கு நாள் இருந்தது. வாசலில் அகல் விளக்குகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். உள்ளே சுவரில் நாட்காட்டி நவம்பர் 14இல் நின்றது. ஊரெங்கும் கார்த்திகை, அந்தச் சுவரில் மட்டும் ஐப்பசி. பதினெட்டு நாளாக யாரும் தாளைத் தொடவில்லை.

“டி.பி. முடிந்துவிட்டது என்றீர்களே” என்றார் ஆயா. அவர் சொன்னதில் தவறே இல்லை. அப்படித்தான் சொன்னேன்.

குழந்தைகளின் மருந்து ஆயாவின் மருந்தைவிட மூன்று வாரம் பிந்தித் தொடங்கியது. அதற்கு மேல் இருபத்தைந்து நாள் பாக்கி. எங்கள் பதிவேட்டில் பெரியவருக்குத் தனிப் பக்கம். குழந்தைகள் அவருடன் தொடர்பில் இருந்தவர்கள் என்று ஒரே வரி. அவர் பக்கத்தை மூடியபோது இந்த வரியும் சேர்ந்து மூடிக்கொண்டது. ஆயாவின் மருந்தோடு சேர்த்ததால்தான் குழந்தைகளின் மருந்து ஒழுங்குக்கு வந்தது. அதனாலேயே அது நின்றும் போனது. இரண்டையும் இணைத்த நான், பிரியும் நாளைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும்.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 182இல் 122 நாள் மருந்து போயிருக்கிறது, 60 பாக்கி. இடைவெளி இரண்டு வாரத்தைத் தாண்டினால், மொத்தத்தில் 80 சதவீதம், அதாவது 146 நாள் மருந்து சாப்பிட்டாகிவிட்டதா என்று பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. இல்லையென்றால், தொடங்கிய நாளிலிருந்து 239 நாளுக்குள் முடிக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்ப்பு இல்லாதபோதுதான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜூன் 20லிருந்து 239ஆம் நாள் பிப்ரவரி 13. அன்றே தொடங்கினால் ஜனவரி 30இல் முடிக்கலாம். பதினான்கு நாள் கையிருப்பு.

“முதலிலிருந்தா?” என்று தாய் கேட்டார். கம்பெனியில் அரை நாள் அனுமதி கேட்டு ஓடி வந்திருந்தார். இல்லை, மிச்சம் அறுபதுதான் என்றேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் இருவரையும் மறுபடி பார்த்தார். அறிகுறி இல்லை. பையன் 16 கிலோவைத் தாண்டியிருந்தான், பாப்பா 11. அதே அளவு மருந்தே போதும் என்றார். அட்டைகளை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலரிடமே இதையும் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தோம். தன் மாத்திரை இல்லாத காலை நேரம் ஆயாவுக்கு வெறுமையாக இருந்தது போலும். ஆறரைக்கு இரு பிள்ளைகளையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார். பொங்கலில் இரண்டு நாள் தவறியது. கம்பியில் இரண்டு தாள். 2023 பிப்ரவரி 1ஆம் தேதி காலை கடைசி மாத்திரை. 227 நாளில் 182.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை

இவ்வளவு சிரமத்துக்கும் ஆறு மாதம் என்ற நீளம் ஒரு காரணம். இதைவிடக் குறுகிய வழிகள் இருக்கின்றன. ஐசோநியாசிட்டும் ரிஃபாம்பிசினும் சேர்ந்த மாத்திரையை மூன்று மாதம் தினமும் கொடுக்கலாம். மொத்தம் 84 நாள்தான். குழந்தைகளுக்கென்றே தண்ணீரில் கரையும், பழச்சுவையுள்ள மாத்திரை 2015 இறுதியிலேயே வந்துவிட்டது. எட்டிலிருந்து பதினொரு கிலோ வரை இரண்டு, பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை மூன்று. அரிவாள்மணையில் உடைக்க வேண்டியதில்லை. இரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு ஐசோநியாசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒரு முறை, மொத்தம் பன்னிரண்டே முறை கொடுக்கும் வழியும் உண்டு. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 2 முதல் 17 வயதுள்ளவர்களில் இந்தப் பன்னிரண்டு வார மருந்தை 88 சதவீதம் பேர் முடித்தார்கள். ஒன்பது மாத ஐசோநியாசிட்டை முடித்தவர்கள் 81 சதவீதம். எங்கள் கையில் அன்று இருந்தது ஐசோநியாசிட் மட்டுமே. கரையும் மாத்திரை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்க வேண்டும் என்று கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்பதை நிறுத்தமாட்டேன்.

இப்போது என் பகுதியில் தடுப்பு மருந்து சாப்பிடும் ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவேட்டில் தனிப் பக்கம் போடுகிறேன். மேலே சிவப்பில் இரண்டு தேதி: முடிய வேண்டிய நாள், முடிக்கலாம் என்ற கடைசி நாள்.

குழந்தைகள் இருவரும் நலமாக இருக்கிறார்கள். எடையை அங்கன்வாடியில் பார்த்து வருகிறோம். ஆயாவின் பாய் அறைக்குள் திரும்பிவிட்டது. போளூரில் இன்னும் சொல்லவில்லை. “இந்த ஆடிக்குப் போகும்போது அண்ணியிடம் மட்டுமாவது சொல்லிவிடப் பார்க்கிறேன்” என்றார் தாய்.